வலது பக்கம் திரும்பாத குதிரை

அந்தப் பெண் குதிரையை எங்கள் வீட்டுக்காரர் ஓட்டிக்கொண்டு வந்த அன்றைக்கே எனக்குக் கவலை ஆரம்பித்துவிட்டது. இதில் அதிசயம் ஒன்றும் இல்லை. மழை வந்தால் கூரை ஒழுகுமே என்று கவலைப்படுவேன், வராவிட்டால் புல் விலை ஏறுமே என்று கவலைப்படுவேன். ஏழாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டவள் நான். அதற்கு மேல் படித்திருந்தால் கவலைப்பட இன்னும் நாலு விஷயம் தெரிந்திருக்கும், தப்பித்தேன் என்று அவர் சொல்லிச் சிரிப்பார்.

திருவண்ணாமலையைத் தனி மாவட்டமாகப் பிரித்த வருஷம் எங்களுக்குக் கல்யாணம். நான் சொல்லப்போவது அதற்கு ரெண்டு மூன்று வருஷம் கழித்து நடந்தது. ஊரில் ஆட்டோ வந்திருந்தது, ஆனாலும் எங்கள் ஜட்கா வண்டிக்கு வேலை இருந்தது. ரயிலடியில் இறங்குகிறவர்களைக் கோயிலுக்கு ஏற்றிவருவது, மூட்டை முடிச்சோடு வருகிறவர்களை பஸ் ஸ்டாண்டில் விடுவது. பௌர்ணமி இல்லாத நாளில், நடக்க முடியாத வயசானவர்களை உட்கார வைத்து மலையைச் சுற்றிக் காட்டிக்கொண்டு வருவது. எங்கள் வீட்டில் அடுப்பு எரிந்தது முக்கால்வாசி இந்தக் கடைசி வேலையால்தான்.

எங்களிடம் முன்னே இருந்தது ஒரு பெரிய ஆண் குதிரை. தலை மட்டும் ஒரு ஆள் உயரத்துக்கு இருப்பதுபோல் தோன்றும். வயிற்றுவலி வந்து அது போய்ச் சேர்ந்தது. அதன் கடிவாளத்தை அவர் சாமி படத்துக்குப் பக்கத்தில் ஆணி அடித்து மாட்டிவைத்தார். ராசியான கடிவாளம் என்பார். அது வந்த பிறகுதான் வீட்டுக்கு ஓடு போட்டோம், அது வந்த பிறகுதான் எனக்குக் காதில் கம்மல் வந்தது. ஆகவே புதுக் குதிரைக்கும் அதையே போட வேண்டும் என்பதில் அவருக்கு இரண்டாவது யோசனையே இல்லை.

கடிவாளம் என்றால் பார்க்கிறவர்களுக்குத் தோல் வாரும் கண்பட்டையும்தான் தெரியும். குதிரைக்குத் தெரிவது வேறு. வாய்க்குள்ளே குறுக்கே போகிற இரும்புக் கம்பிதான் அதற்குக் கடிவாளம். கம்பியின் ரெண்டு முனையிலும் வளையம். வளையத்தில் வாரைக் கட்டி, வண்டிக்காரர் வலது வாரை இழுத்தால் குதிரை வலது பக்கம் திரும்ப வேண்டும், இடது வாரை இழுத்தால் இடது பக்கம்.

எங்கள் புதுக் குதிரை இடது பக்கம் அழகாகத் திரும்பியது. வலது பக்கம் திரும்பவில்லை.

இது வேறு எந்த ஊரிலாவது நடந்திருந்தால் பாதித் தொல்லைதான். எங்கள் ஊரில் மலை எப்போதும் வலது கைப் பக்கம் இருக்க வேண்டும். சாமி சுற்றுவதும் வலம், சனம் சுற்றுவதும் வலம். செங்கம் ரோட்டில் போய் ஒரு முனையில் வலது பக்கம் திரும்பினால்தான் மலை சுற்றுகிற பாதையே ஆரம்பிக்கும். முதல் சவாரியில் மெட்ராசிலிருந்து வந்த ஒரு வயசான அம்மா மடியில் தேங்காயை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அந்த முனைக்கு வந்ததும் குதிரை தலையை மேலே தூக்கி, வாயைப் பிளந்து, நாக்கை ஒரு ஓரமாக வெளியே நீட்டி, நேராகப் போய்க்கொண்டே இருந்தது. இவர் இழுக்க இழுக்க அது வேகமாகப் போனது.

"இன்னாப்பா, மலை அந்தாண்ட இருக்குது. நீ செங்கத்துக்குக் கூட்டிக்கினு போறியே?"

"இதோ திரும்பிடும்மா."

"எப்போ? பெங்களூர் வந்தப்புறமா?"

அந்த அம்மா இறங்கி வேறு வண்டி பார்த்துக்கொண்டார். தேங்காயை மட்டும் வண்டியிலேயே மறந்துவிட்டுப் போனார். அதை உடைக்கலாமா கூடாதா என்று நான் ரெண்டு நாள் கவலைப்பட்டேன்.

அதற்குப் பிறகு, வலது பக்கம் போக வேண்டிய இடத்துக்கெல்லாம் இவர் இடது பக்கமாகவே சுற்றிச் சுற்றிப் போய்ச் சேர ஆரம்பித்தார். மாட வீதியில் அப்படிச் சுற்றினால் அது இடம் வருவதாகிவிடும். எதிரே வருகிறவர்கள் நின்று பார்த்தார்கள். பூக்காரி ஒருத்தி, "யோவ், சாவு வீட்டுக்கா போற, எடஞ்சுத்தற?" என்று கேட்டாள். ஜட்கா ஸ்டாண்டில் இவர் வண்டிக்கு முன்னால் நிற்கிறவர், நரைத்த மீசைக்காரர், எல்லாருக்கும் கேட்கிற மாதிரித் தீர்ப்பு சொல்லிவிட்டார்.

"அதுக்கு வலம் வரக்கூடாதுன்னு இருக்குது. போன பொறப்புல கோயில்ல ஏதோ தப்பு பண்ணியிருக்கும். நெத்திச் சுழியப் பாரு, கொஞ்சம் எடப்பக்கமா கீது பாரு."

இவர் நெற்றிச் சுழியைப் பார்த்தார். கொஞ்சம் இடது பக்கமாகத்தான் இருந்தது. குதிரை வாங்கப் போனபோது கூடப் போன நாலு பேரும் சுழி பார்த்திருந்தார்கள், அப்போது அது நடுவில் இருந்தது. எல்லாரும் முன்பல்லையும் பிடித்துப் பார்த்து வயசு சொல்லியிருந்தார்கள்.

"வலம் வராத குதிரை" என்கிற பேர் சீக்கிரம் பரவியது. மலை சுற்றுகிற சவாரி நின்றுபோனது. வேண்டுதலோடு வருகிறவர்கள் அப்படிப்பட்ட வண்டியில் ஏறுவார்களா?

எங்கள் எதிர்வீட்டுக்காரர் பெங்களூரில் மேஸ்திரி. இவருக்குச் சின்ன வயசுச் சினேகிதம். அவர் மாமனார் வீட்டு நிலம் கீழ்பென்னாத்தூரில் இருந்தது. மல்லாட்டை, அதாவது வேர்க்கடலை, பிடுங்க வருஷா வருஷம் வந்துவிடுவார், பிடுங்கி, காயவைத்து, விற்று முடித்ததும் திரும்பிப் போவார். அந்தத் தடவை அவர் இவரிடம் சொன்னார்: "குதிரையத் தள்ளிவுடு மச்சான். எங்கூட வா. கட்டடம் எழும்பிக்கினே இருக்குது, கலவை போட ஆள் இல்ல."

அன்றைக்குச் சாயங்காலம் இவர் ஒரு ரெக்சின் பை வாங்கிக்கொண்டு வந்தார். எதற்கு என்று நான் கேட்பதற்குள் அவரே சொன்னார்.

"மல்லாட்ட வித்து முடியறதுக்குள்ள இது திரும்புச்சுன்னா சரி. இல்லன்னா நான் அவனோட போறேன்."

"நானு?"

"நீ இங்கதான். மாசம் ஒரு தபா வருவேன்."

அப்படிப் போனவர்கள் திரும்பி வராத கதைகள் எனக்குப் பத்து தெரியும். எங்கள் தெருவிலேயே ரெண்டு. அன்றிலிருந்து எதிர்வீட்டுக்காரர் மனைவியைப் பார்க்கும்போதெல்லாம் மல்லாட்டையைப் பற்றியே விசாரித்தேன். பிடுங்கியாச்சா, காய் நல்லா காஞ்சுதா, மழை கிழை வருமா. "என் பொறந்த வீட்டு நிலத்து மேல இவளுக்கு இம்மாம் அக்கறையா," என்று அவள் நெகிழ்ந்துபோய் ஒரு முறம் பச்சைக் காய் கொண்டுவந்து கொடுத்தாள். வேகவைத்துத் தின்றோம். நன்றாகத்தான் இருந்தது.

ஒரு விஷயம் எனக்கு மட்டும் உறுத்திக்கொண்டே இருந்தது. தண்ணீர் காட்ட நான்தான் குதிரையைத் தொட்டிக்கு நடத்திக்கொண்டு போவேன். அப்போது கடிவாளம் இருக்காது, கழுத்தில் கயிறு மட்டும்தான். எங்கள் சந்திலிருந்து தொட்டிக்கு வலது பக்கம் திரும்ப வேண்டும். அது என் பின்னாலேயே, என் தோளில் மூச்சு விட்டுக்கொண்டு, பசுமாடு மாதிரித் திரும்பி வரும்.

"ஏங்க, தொட்டிக்கிட்ட சோத்துக்கைப் பக்கம் திரும்புதே."

"அது தண்ணிக்குத் திரும்புது. சாமிக்குத் திரும்ப மாட்டேங்குது."

இவரே இப்படிப் பேச ஆரம்பித்துவிட்டால் என்ன செய்வது? நரைத்த மீசைக்காரர் வேறு யோசனையும் கொடுத்திருந்தார். முள்ளுக் கடிவாளம். வாய்க்கம்பியில் சின்னச் சின்ன முள் வைத்திருப்பார்கள், இழுத்தால் குத்தும், எப்பேர்ப்பட்ட குதிரையும் திரும்பும். இவர் அதை வாங்க ரெண்டு தடவை கிளம்பி, ரெண்டு தடவையும் டீக்கடையோடு திரும்பி வந்தார். அவருக்கும் மனசு இல்லை என்று அப்போது புரிந்தது. குதிரையிடம் கோபித்துக்கொண்டு கொள்ளு வைக்காமல் இருந்த நாள் ஒன்றுகூட இல்லை.

கடிவாளத்தைத் தினமும் கழுவுவது என் வேலை. யாரும் சொல்லி நான் செய்யவில்லை. துரு வயிற்றுக்குள் போனால் குதிரைக்கு ஆகாது என்று எனக்கு நானே முடிவு செய்து, புளி போட்டுத் தேய்த்துவைப்பேன். ஒருநாள் அப்படித் தேய்க்கும்போது கம்பியின் வலது பக்கத்து எச்சில் மட்டும் ரோஸ் நிறத்தில் இருந்தது. விரலால் தடவினேன். வளையம் போய் நுழைகிற ஓட்டை தேய்ந்துபோய், விளிம்பு பிளேடு மாதிரி இருந்தது. என் விரலையே கீறியது.

மறுநாள் அதன் வாயில் கடிவாளம் இருக்கும்போது போய்ப் பார்த்தேன். கம்பி வாய்க்கு ரொம்ப நீளம். ரெண்டு பக்கமும் சுண்டுவிரல் நுழைகிற அளவுக்கு வெளியே நீட்டிக்கொண்டு நின்றது. வாரை லேசாக வலது பக்கம் இழுத்தால் மொத்தக் கம்பியும் அந்தப் பக்கம் சரிந்தது. பெரிய குதிரையின் வாய்க்கு அடித்த கம்பி. சின்னப் பெண் குதிரையின் வாயில், அப்பன் செருப்பைப் போட்டுக்கொண்ட குழந்தை மாதிரி இருந்தது.

"ஏங்க, இது அளவு சரியில்லைங்க. ஆஸ்பத்திரிக்குக் கூட்டிக்கினு போயி காட்டலாம்."

"குதிரை திரும்பலைன்னு டாக்டர்கிட்ட போயி சொல்லச் சொல்றியா? சிரிப்பாங்கடி."

"பெங்களூர் போறதுக்கு முன்னாடி ஒரு தபா சிரிக்கட்டும்."

மாட்டாஸ்பத்திரியில் அன்றைக்கு ஆடுகளும் பசுக்களுமாக நல்ல கூட்டம். டாக்டர் இளவயசுக்காரர். சிரிக்கவில்லை. "எனக்கு மாடுதான் ஜாஸ்தி வருது, குதிரை கம்மி. பார்க்கலாம், இருங்க," என்று கையைக் கழுவிக்கொண்டு வந்தார். இவரைத் தலையைப் பிடித்துக்கொள்ளச் சொன்னார். குதிரையின் நாக்கை மெதுவாக ஒரு பக்கமாக இழுத்து வெளியே பிடித்தார். அப்படிப் பிடித்தால் அது கடிக்காதாம், கடித்தால் தன் நாக்கையே கடித்துக்கொள்ளும் என்று அதற்குத் தெரியுமாம். குதிரைக்குத் தெரியும் என்பதை நான் முழுசாக நம்பவில்லை. அவர் விரலைப் பார்த்துக்கொண்டே நின்றேன்.

"இங்க வந்து பாருங்கம்மா," என்றார். அன்றைக்குத்தான் குதிரையின் வாய்க்குள்ளே முதன்முதலாகப் பார்த்தேன். முன்னால் புல்லை வெட்டுகிற பற்கள். எல்லாரும் வயசு பார்த்தது இதை வைத்துத்தான். அதற்குப் பின்னால் வெறும் ஈறு, நாலு விரல் அகலத்துக்குப் பல்லே இல்லாத வழுவழுப்பான இடம். அதையும் தாண்டி உள்ளே, அம்மிக்கல்லை வரிசையாக அடுக்கினதுபோல் அரைக்கிற பற்கள். நாக்கோ தடித்துப் புரண்டு வாயை முழுசாக அடைத்துக்கொண்டிருந்தது. மேல் அண்ணம் தாழ்வாக இறங்கியிருந்தது. இவ்வளவு நெருக்கடிக்குள் ஒரு இரும்பும் போக வேண்டுமா என்று இருந்தது எனக்கு.

"கம்பி உக்கார்றதுக்குன்னே சாமி எடம் விட்டு வெச்ச மாதிரி கீதே," என்றார் இவர்.

"கம்பிக்காக விடலைங்க. எடம் இருந்துச்சு, நாமதான் பார்த்துட்டோம்," என்றார் டாக்டர். "ஆனா தொட்டுப் பாருங்க. இந்த ஈறு மேல சதையே இல்ல. தோலுக்கு அடியில நேரா எலும்பு. கட்டில் கால் உங்க முழங்காலுக்குக் கீழ இடிச்சா எப்படி இருக்கும்? அதே வலிதான் இதுக்கும்."

பிறகு எங்கள் ராசியான கடிவாளத்தைக் கையில் வாங்கி மடக்கிக் காட்டினார். நடுவில் மூட்டு வைத்த கம்பி அது. ரெண்டு வாரையும் இழுத்தால் பாக்குவெட்டி மாதிரி மடங்கி, நாக்கை ரெண்டு பக்கமும் நெரிக்கும். வாய்க்கு மேல் நீளம் என்றால் அந்த மூட்டு எழும்பி அண்ணத்தில் இடிக்கும். நாக்கை வெளியே நீட்டினதும் தலையைத் தூக்கினதும் அதனால்தான்.

"சரி சார், அப்போ எடது பக்கம் மட்டும் எப்படித் திரும்புது?" என்று நான் கேட்டேன். அந்தக் கேள்வி எனக்கு எங்கிருந்து வந்தது என்று தெரியாது. பயந்த மனசு எதையும் பாதியில் விடாது.

டாக்டர் யோசித்துவிட்டு மறுபடியும் விரலை விட்டார், மேல் தாடையில், வலது பக்கம். குதிரை சட்டென்று தலையை உதறியது. "இருக்கு," என்றார். அரைக்கிற பல்லுக்கு முன்னால், ஈறுக்குள் பாதி புதைந்து, ஒரு பச்சைப்பயறு அளவுக்கு ஒற்றைப் பல். எல்லாக் குதிரைக்கும் முளைக்காது, முளைத்தாலும் எல்லாவற்றுக்கும் தொல்லை கொடுக்காது. இதற்கு வலது பக்கத்தில் மட்டும் முளைத்து, வாரை இழுக்கும்போதெல்லாம் கம்பி போய் அதன்மேல் மோதியிருக்கிறது. தேய்ந்த விளிம்பு வாயோரத்தையும் கீறியிருக்கிறது.

"இதை இங்கிலீஷ்ல ஓநாய்ப் பல்லுன்னு சொல்லுவாங்க."

ஓநாய் என்றதும் நான் ஒரு அடி பின்னால் போனேன். அது குதிரையின் பல்தான், ஓநாய்க்கும் அதற்கும் சம்பந்தம் இல்லை என்று டாக்டர் ரெண்டு தடவை சொல்ல வேண்டியிருந்தது. ஊசி போட்டு மரத்துப்போக வைத்து, அதைப் பிடுங்கி என் உள்ளங்கையில் வைத்தார். இவ்வளவுதானா? ஊரே போன பிறவி வரைக்கும் போய்த் தேடிய பாவம், ஒரு பயறு அளவு.

புண் ஆறுகிறவரை வாயில் இரும்பு படக்கூடாது என்று சொல்லி அனுப்பினார். புதுக் கம்பி எப்படி இருக்க வேண்டும் என்றும் சொன்னார். இவர் ஊம் போட்டுக்கொண்டு கேட்டார், நான் மனப்பாடம் செய்தேன். வழியெல்லாம் இவர் குதிரையின் வாயோரத்தையே பார்த்துக்கொண்டு வந்தார். வீட்டுக்குக் கிட்டே வந்ததும், "வாயில இவ்ளோ வெச்சிக்கினுதான் என் வண்டிய இழுத்துதா," என்றார். அன்றைக்குக் குதிரைக்குக் கொள்ளில் வெல்லம் சேர்ந்தது.

அளவு எடுத்தது நான். வேப்பங்குச்சி ஒன்றை வழுவழுப்பாகச் சீவி, புண் படாமல் அதன் வாயில் குறுக்கே வைத்து, ரெண்டு பக்கமும் உதடு முடிகிற இடத்தில் நகத்தால் கீறிக்கொண்டேன். கம்பி அதைவிட ரெண்டு பக்கமும் ஒரு நெல் அகலம் கூட இருக்கலாம், அதற்கு மேல் கூடாது. அதைவிடக் குறைந்தால் வளையம் கன்னத்தை நெரிக்கும்.

குச்சியை எடுத்துக்கொண்டு கொல்லர் பட்டறைக்கு நாங்கள் ரெண்டு பேரும் போனோம்.

"குதிரைக்கு அளவா?" என்றார் கொல்லர். "ஜாக்கெட் தைக்கற டெய்லர்கிட்ட போங்கம்மா. எங்கிட்ட எல்லாம் ஒரே அளவுதான். பெரிய குதிரைக்குக் கொஞ்சம் இறுக்கமா இருக்கும், சின்னக் குதிரைக்குக் கொஞ்சம் லூசா இருக்கும்."

"உங்க செருப்பும் அப்படித்தான் வாங்குவீங்களா அண்ணா?"

அவர் தன் காலைப் பார்த்துக்கொண்டார். செருப்பு கொஞ்சம் பெரிசாகத்தான் இருந்தது. சிரித்துக்கொண்டே குச்சியை வாங்கினார். நடுவில் மூட்டு வேண்டாம், நாக்குக்கு இடம் விட்டு லேசாக வளைந்த ஒரே கம்பி போதும் என்றேன். ரொம்பத் தடிமன் கூடாது, சின்ன வாய், மூட முடியாது. ரொம்ப மெல்லிசும் கூடாது, ஈறை அறுக்கும். வளைய ஓட்டையின் விளிம்பை அரம் போட்டு உருட்டிவிட வேண்டும். அவர் செய்து முடித்ததும் வாங்கி என் உதட்டோரத்தில் தடவிப் பார்த்தேன். கடையில் ரெண்டு பேர் சிரித்தார்கள். இவர் எங்கேயோ பார்ப்பதுபோல் நின்றுகொண்டார்.

ராசியான கடிவாளத்தை என்ன செய்வது என்பதுதான் பாக்கிப் பிரச்சினை. இவர் அதைக் கையில் வைத்துக்கொண்டு முற்றத்தில் கொஞ்ச நேரம் நின்றார். "ராசி வண்டிக்குத்தானே, குதிரை வாய்க்கு இல்லியே," என்று நான் சொன்னேன். இவருக்கு அது நியாயமாகப் பட்டது. மஞ்சள் குங்குமம் வைத்து வண்டிக்கு அடியில் தொங்கவிட்டார். வண்டி போகும்போது அது கிணுகிணுவென்று ஆடும்.

அதற்குள் மல்லாட்டை விற்று முடிந்துவிட்டது. புண் ஆறிவிட்டது என்று டாக்டர் சொன்னதற்கு மறுநாளே எதிர்வீட்டுக்காரர் மூட்டையைக் கட்டிக்கொண்டு வந்து நின்றார். பெங்களூர் பஸ்ஸுக்குப் போக வேண்டும். புதுக் கம்பியைப் போட்டுப் பார்க்க அதுவரைக்கும் நேரமே கிடைக்கவில்லை.

"ஏறுடா, நானே வுடறேன்," என்றார் இவர். பிறகு உள்ளே போய் ரெக்சின் பையையும் எடுத்துவந்து வண்டியில் வைத்தார். நானும் ஏறி, அந்தப் பைமேல் கையை வைத்து உட்கார்ந்துகொண்டேன். "நீ எதுக்குடி?" என்றார். "கோயிலுக்கு," என்றேன். கோயில் வேறு பக்கம் இருந்தது.

கம்பியைப் போட்டபோது குதிரை முரண்டு பண்ணவில்லை. வாயோரத்தில் ரெண்டு சின்னச் சுருக்கம் விழுந்தது, சிரிக்கப்போகிறவர்கள் வாயில் விழுகிற மாதிரி. அப்படித்தான் விழ வேண்டும் என்று டாக்டர் சொல்லியிருந்தார். சுருக்கமே இல்லையென்றால் கம்பி தொங்கிப் பல்லில் இடிக்கும், ஜாஸ்தி விழுந்தால் வாய் கிழியும்.

பஸ் ஸ்டாண்டுக்குப் போகிற வழியில் ஒரே ஒரு வலது திருப்பம். அதுவரை எதிர்வீட்டுக்காரர் பெங்களூர்க் குளிரைப் பற்றிப் பேசிக்கொண்டு வந்தார். "ஸ்வெட்டர் வாங்கணும் மச்சான், மொத மாசம் தாங்காது." முனை வந்தது. எதிரே ஒரு லாரி வந்ததால் இவர் நிறுத்தி, அது போகிறவரை காத்திருந்தார். நான் கண்ணை மூடிக்கொண்டேன். மூடினதால் காதால்தான் தெரிந்தது. வண்டிக்கு அடியில் பழைய கடிவாளம் ஒருதரம் ஆடி, சாய்ந்து, மறுபடி நேராக ஆடியது. வெயில் என் முதுகிலிருந்து கன்னத்துக்கு வந்தது.

கண்ணைத் திறந்தபோது நாங்கள் திரும்பியிருந்தோம். குதிரையின் வாய் மூடியிருந்தது, நாக்கு உள்ளே இருந்தது. இவர் வாரை இழுக்கக்கூட இல்லை, விரலை மடக்கினார், அவ்வளவுதான்.

எதிர்வீட்டுக்காரர் எட்டிக் குதிரையைப் பார்த்தார். "அப்போ ஸ்வெட்டர் வேணாம்," என்றார்.

"வேணாம்டா," என்றார் இவர்.

பஸ் ஸ்டாண்டில் சினேகிதரை ஏற்றிவிட்டு, பஸ் கிளம்புகிறவரை நின்றோம். பஸ் கண்ணுக்கு மறைகிறவரை நான் பையை விடவில்லை, கடைசி நிமிஷத்தில் இவர் ஓடிப்போய் ஏறிவிட்டால்? ஏறவில்லை. ஜட்கா ஸ்டாண்டு வழியாகத் திரும்பும்போது நரைத்த மீசைக்காரர் எங்களைப் பார்த்துவிட்டு எழுந்து வந்தார். குதிரையின் நெற்றியைத் தொட்டுப் பார்த்து, "சுழி நடுவுலதானே கீது," என்றார்.

அன்றைக்கே மலையைச் சுற்றினோம், சவாரி யாரும் இல்லாமல், நாங்கள் ரெண்டு பேர் மட்டும். மலை வலது கைப் பக்கமே வந்துகொண்டிருந்தது. ஒவ்வொரு முனையிலும் எனக்குக் கொஞ்சம் திக்கென்றது, ஒவ்வொரு முனையிலும் அது திரும்பியது. அதற்கப்புறம் பத்து வருஷத்துக்கு மேல் அந்தக் குதிரை எங்களோடு இருந்தது. பிறகு இவர் ஷேர் ஆட்டோ வாங்கினார், அதுவும் நன்றாகத்தான் ஓடுகிறது. அதன் பிரேக்கைப் பற்றி எனக்குத் தினமும் கவலைதான்.

ரெக்சின் பை பெங்களூரைப் பார்க்கவே இல்லை. குதிரை இருந்தவரைக்கும் அதில் கொள்ளு போட்டுவைத்திருந்தேன்.